அருகு இருக்க அயலூர்ப் புல் எதற்கு?

(இறுதியாண்டு சிவில் மாணவன் ஒருவன் எழுதுவது)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் கட்டாயம் இருக்கும். அதற்கு நடுவில் புல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம்ம எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது. ஹாஸ்டல் பசங்களுக்கு ரொம்பவே சம்பந்தப்பட்டது!

புதிய பிளாக்குக்கு முன்னால் கிடக்கும் வெற்றிடத்தில் புல்தரை போடுவதாகப் பேச்சு. மாணவர் மன்றத்திடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதுதான் தாமதம், கேன்டீனில் கட்சிகள் கிளம்பிவிட்டன. "கொரியன் புல் போடணும்டா, கார்பெட் மாதிரி இருக்கும்" என்று ஒரு கட்சி. "மெக்சிகன்தான் லேட்டஸ்ட்" என்று இன்னொரு கட்சி. "புல்லாவது மண்ணாவது, பேவர் பிளாக்கைப் போட்டு பைக் நிறுத்தலாம்" என்று மூன்றாவது கட்சி. எல்லோர் கையிலும் செல்போன், அதில் பச்சைப் பசேலென்று ஒரு படம். ஆனால் அந்தப் படத்தில் இல்லாத மூன்று விஷயங்களை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும்? புல்லை யார் வெட்டுவார்? அதில் நாம் உட்காரலாமா, கூடாதா?

இதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் விழும் இடத்தில் நம் ஊர் அருகு. வேப்பமர நிழலில் அகல இலைப் புல். அதுவும் மொத்த இடத்துக்கும் வேண்டாம், பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சினிமாப் புல் வேறு, நம்ம புல் வேறு

நமக்குப் புல்வெளி என்றதும் மனசில் வருவது பாட்டு சீனில் ஹீரோவும் ஹீரோயினும் உருண்டு வரும் அந்தச் சரிவு. ஊட்டியாக இருக்கும், இல்லை சுவிட்சர்லாந்தாக இருக்கும். அந்த மாதிரிக் குளிர்நாட்டுப் புல்தரைகளில் வளர்வது ரை, ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் என்கிற குளிர்காலப் புற்கள். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் அவற்றுக்குச் சுகமான சூடு. நம் சமவெளியில் ஏப்ரல் மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து நின்று பாருங்கள். அந்தப் புல் என்ன, அந்த ஹீரோவே நிற்க மாட்டார்!

நமக்கு வேண்டியது வெப்பப் புல். அது 27 முதல் 35 டிகிரி வரை உற்சாகமாக வளரும். இதற்கு ஒரு காரணம் உண்டு. சூடு ஏற ஏற, குளிர்நாட்டுப் புல் தான் தயாரித்த உணவில் ஒரு பகுதியைத் தானே வீணடித்துவிடும். வெப்பப் புல் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைச் செறிவாக்கி, அந்த நஷ்டத்தைத் தடுத்துக் கொள்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், எஞ்சினில் டர்போ சார்ஜர் வைத்த மாதிரி. கரும்பு, சோளம், மக்காச்சோளம், கம்பு எல்லாம் இதே ஏற்பாட்டில் வளர்பவைதான். அதனால் ஒரே அளவு தண்ணீரில் கூடுதலாக வளரும்.

ஆக, விதைப் பாக்கெட்டின் மேல் அழகான வெளிநாட்டு பங்களா படம் இருந்தால், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே என்ன இனம் என்று பாருங்கள்.

தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள்

முதல் வேட்பாளர் அருகு. பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அருகம்புல்தான். உலகம் இதை 'பெர்முடா' என்று அழைக்கிறது. ஆனால் பெர்முடா தீவுக்கும் இதன் பூர்வீகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆப்பிரிக்கா முதலான பழைய உலகப் பகுதிகளைச் சேர்ந்த புல் அது. தரைக்கு மேலே ஓடும் தண்டும் உண்டு, தரைக்குக் கீழே ஓடும் தண்டும் உண்டு. ஒரு பக்கம் மிதித்துச் சிதைத்தால் மறு பக்கத்திலிருந்து ஓடி வந்து மூடிக் கொள்ளும். நல்ல மண் கிடைத்தால் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கல்யாண வீட்டில் ஆலமரத்தோடு அருகையும் சேர்த்துச் சொல்லி வாழ்த்துகிறார்களே, சும்மாவா?

விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். "எங்கப்பா அருகைப் பிடுங்கியே முதுகு ஒடிஞ்சு போனாரு, நீ என்னடான்னா அதை நடச் சொல்றே!" வாஸ்தவம்தான். வயலில் அது எமன். ஆனால் வயலில் அதை எமனாக்கும் அதே குணம்தான் புல்தரையில் நமக்கு வரம். பிடுங்கினாலும் வரும், மிதித்தாலும் வரும், காய்ந்தாலும் மழை பெய்ததும் வரும்.

இந்தப் புல்லை உலகமே மதித்து வேலை செய்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இருந்தார். அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் சேர்ந்த கலப்பினங்களை அவர் வெளிக்கொண்டு வந்தார். 1956-இல் 'டிஃப்கிரீன்', 1960-இல் 'டிஃப்வே' என்று அவை வெளிவந்தன. மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் உலகம் முழுக்கப் பரவின. அந்தக் கலப்பினங்கள் முளைக்கும் விதை தராது, தண்டைத்தான் நட வேண்டும். இதே பர்ட்டன் உருவாக்கிய கம்புப் பெற்றோர் ரகம் ஒன்றை வைத்துத்தான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வந்தது. அதாவது, அருகை ஆராய்ந்த அதே கைக்கு நம் கம்பங்கூழிலும் பங்கு உண்டு!

இரண்டாவது வேட்பாளர் கொரியன். இதன் குடும்பப் பெயர் சோய்சியா. நெருக்கமாக வளரும், தொட்டால் மெத்தென்று இருக்கும். மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டாம். அரை நிழலையும் ஓரளவு தாங்கும். வேர் பிடித்த பின் வறட்சியையும் தாங்கும். பொய் சொல்லக் கூடாது, நல்ல புல்தான். ஆனால் மெதுவாக வளர்வதே அதன் குறையும்கூட. ஒரு இடம் சிதைந்து போனால் அது மூட மாதக் கணக்கில் ஆகும். துண்டு துண்டாக நட்டால் தரை முழுக்க மூட ஒரு பருவத்துக்கு மேலே ஆகும். அதனால்தான் அதைப் பாய் மாதிரி வெட்டி எடுத்து வந்து விரிக்கிறார்கள். விலையும் ஏறுகிறது. மெல்லிய இலை ரகத்தை வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்துக் கொள்ளும்.

மூன்றாவது வேட்பாளர் 'பஃபலோ'. இங்கேதான் பெயர்க் குழப்பம். நர்சரியில் பஃபலோ என்று கேட்டால் இரண்டு வேறு புற்களில் எதையாவது கொடுப்பார்கள். ஒன்று ஸ்டெனோடாஃப்ரம், தடித்த இலை, கடலோர உப்பையும் தாங்கும். மற்றது ஆக்சோனோபஸ், அகல இலை, ஈரமும் புளிப்பு மண்ணும் பிடிக்கும், உப்பு பிடிக்காது. இரண்டுக்கும் பொதுவான நல்ல குணம், நிழலைத் தாங்குவது. இரண்டுக்கும் பொதுவான கெட்ட குணம், காலைத் தாங்காதது. அமெரிக்காவில் பஃபலோ என்றால் முற்றிலும் வேறான மூன்றாவது புல்! எனவே பெயரை நம்பாதீர்கள், செடியைப் பாருங்கள், இனத்தைக் கேளுங்கள். 'மெக்சிகன்' என்று சொன்னாலும் அதே கேள்விதான். ஊர்ப் பெயர் ஒட்டியதால் ஒரு புல்லின் குணம் தெரிந்துவிடாது.

நான்காவது வேட்பாளர் பாஸ்பலம். உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் இவர்தான் முன்னணி. 2022-இல் கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்து ஆடுகளங்களில் போட்டது இந்த வகைதான். கடற்கரை ஓரத்தில் இருக்கும் கல்லூரிகள், போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்கள் இவரைக் கவனிக்கலாம்.

நாலு கேள்வி கேளுங்கள்

வேட்பாளர்களைப் பார்த்தாயிற்று. ஓட்டு யாருக்கு? "எது நல்ல புல்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இந்த இடத்துக்கு எது?" என்று கேட்க வேண்டும். அதற்கு நாலு கேள்வி.

ஒன்று, வெயில் எவ்வளவு? அருகுக்கு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் மெலிந்து, நீண்டு, இடையில் மண் தெரியும். கொரியனுக்கு நாலைந்து மணி நேரம் போதும். நம் இடத்தில் கிழக்குப் பக்கம் முழு வெயில். மேற்கு ஓரத்தில் இரண்டு வேப்பமரம். ஒரே புல்லை இரண்டு இடத்திலும் போட்டால் ஒரு இடத்தில் நிச்சயம் சாகும். காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று வேளை போய் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்தது. நமக்கென்ன, சர்வே பிராக்டிகல் மாதிரி ஒரு வேலை!

இரண்டு, கால் எத்தனை? நாம் உட்காருவோம், படிப்போம், பந்து உதைப்போம், கல்லூரி நாளில் நாற்காலி போடுவோம். அப்படிப்பட்ட இடத்துக்குத் தன்னைத் தானே சீக்கிரம் சரி செய்து கொள்ளும் புல் வேண்டும். அது அருகு. நம் நாட்டுக் கிரிக்கெட் மைதானங்கள் பலவற்றில் அருகு வகைகள் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் ஒன்று, தினமும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே கோட்டில் நடந்தால் உலகத்தில் எந்தப் புல்லும் நிற்காது. கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நாம் எல்லோரும் குறுக்கே போகும் அந்த ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அங்கே புல் வைப்பது வீண். அதே கோட்டில் கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டு, மீதியில் புல் வைக்க வேண்டும். முதலில் பாதை, பிறகு புல்!

மூன்று, வெட்டும் கை எத்தனை? மழைக்காலத்தில் அருகை வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது விதி. 3 செ.மீ. உயரம் வைத்துக் கொள்ள நினைத்தால், 4.5 செ.மீ. தாண்டும் முன்பே வெட்டிவிட வேண்டும். இடம் சுமார் 25 சென்ட், அதாவது 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 40 செ.மீ. அகலமுள்ள தள்ளு மெஷினை வைத்து வெட்டினால் 2,500 மீட்டர் நடக்க வேண்டும். கோட்டின் மேல் கோடு கொஞ்சம் ஏற வேண்டுமே, அதையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டர். நம் கல்லூரிக்கு இருப்பது ஒரே ஒரு தோட்டக்காரர். அவரிடம் போய்ச் சொன்னதற்கு அவர் சொன்னார்: "தம்பி, புல்லு வைக்கிறது பெருசில்ல. வச்ச மறுவாரம் நீங்க வருவீங்களா, அதைச் சொல்லுங்க." இதற்கு நம்மில் யாரிடமும் பதில் இல்லை.

நாலு, தண்ணீர் எவ்வளவு? இதுதான் பெரிய கேள்வி. தனியாகவே பார்ப்போம்.

கணக்குப் போட்டால் கண் கலங்கும்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். நம் ஊர்ப் பக்கம் கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. வரை ஆவியாக விடும். வெப்பப் புல்லைப் பச்சையாக வைத்திருக்க அதில் 60-லிருந்து 80 சதவீதம் வரை ஈடு கட்ட வேண்டும். நடுவாக 4 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 4 லிட்டர். 1,000 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4,000 லிட்டர்! மாதத்துக்கு 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் பத்து லாரி.

சிவில் பசங்களுக்கு 135 என்ற எண் மறக்காது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். 4,000-ஐ 135-ஆல் வகுத்துப் பாருங்கள். முப்பது! அதாவது ஹாஸ்டலில் முப்பது பேருக்கு உரிய குளியல், குடிநீர், துவையல், எல்லாம் சேர்த்து அந்தப் புல் குடித்துவிடும். மார்ச், ஏப்ரலில் பரீட்சை நேரத்தில் காலை ஆறு மணிக்கே டேங்க் காலியாகி, பக்கெட்டைத் தூக்கிக் கொண்டு மாடி மாடியாக அலைகிறவர்கள் யார்? நாம்தானே! அந்த நேரத்தில் முகப்பில் ஸ்பிரிங்க்ளர் சுற்றினால் பார்ப்பதற்கு அழகாகவா இருக்கும்?

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் இல்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரிகளும் ஏறக்குறைய முழுக்க வற்றிப் போய், ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது நமக்கு நினைவிருக்கிறது. நம் ஊருக்கு அந்த நிலை வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது.

இங்கேதான் பரப்பைக் குறைப்பதும் புல்லைத் தேர்ந்தெடுப்பதும் கை கோக்கின்றன. 25 சென்ட் வேண்டாம், 10 சென்ட் போதும். 400 சதுர மீட்டர். ஒரு கிளாஸ் முழுக்க வட்டமாக உட்காரலாம், ஒரு பக்கம் ஷட்டிலும் ஆடலாம். அதற்கு நாளொன்றுக்கு 1,600 லிட்டர் தண்ணீர். அந்த 135 லிட்டரில் குளியலுக்கு மட்டும் 55 லிட்டர் என்று அதே புத்தகம் சொல்கிறது. முப்பது பேர் குளித்தால் 1,650 லிட்டர். பார்த்தீர்களா வேடிக்கையை? 25 சென்ட் போட்டால் முப்பது பேரின் முழுத் தண்ணீரையும் பறிக்க வேண்டும். 10 சென்ட் போட்டால் முப்பது பேர் குளித்துவிட்ட தண்ணீரே போதும்!

குளியல் தண்ணீரைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்து, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டியில் விட்டு, அன்றன்றைக்கே புல்லுக்குப் பாய்ச்ச வேண்டும். தேக்கி வைத்தால் நாறும். ஸ்பிரிங்க்ளரில் தூவாமல், யாரும் உட்காராத ராத்திரி நேரத்தில் ஓஸ் வழியாகத் தரையில் விட வேண்டும். சோப்பு உப்பு மண்ணில் சேராமல் இருக்க அவ்வப்போது நல்ல தண்ணீரும் விட வேண்டும், மீதியை மழை கழுவும். அருகு ஓரளவு உப்பைத் தாங்கும் என்பதால்தான் இது நடக்கும். ஆக்சோனோபஸ் நிற்கும் நிழல் ஓரத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

அப்படியும் தண்ணீர் இல்லாமல் போனால்? அருகு பழுப்பாகிப் படுத்துக் கொள்ளும். மேலே செத்த மாதிரி இருக்கும். கீழே தண்டு உயிரோடு காத்திருக்கும். ஒரு நல்ல மழைக்கு மறுபடி பச்சை. மே மாதம் பழுப்பாக இருக்கும் புல்லைப் பார்த்து வெட்கப்பட நாம் என்ன நட்சத்திர ஹோட்டலா நடத்துகிறோம்? கோடையில் பழுப்பும் மழையில் பச்சையும்தான் இந்த மண்ணின் நிறம்.

மறுப்பவர்களுக்கு மரியாதையுடன்

"கொரியனும் வறட்சி தாங்கும்னு நீயே சொன்னியே?" என்று கேட்கலாம். சொன்னேன். வேர் பிடித்த பிறகுதான் அது. பெரும்பாலும் நடப்பது என்ன? இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, கல்லூரி நாள் வருகிறது என்று பத்து நாள் இருக்கும்போது பாய் பாயாகக் கொண்டு வந்து, கட்டட இடிபாட்டு மண்ணின் மேலேயே விரித்துவிடுவார்கள். போட்டோவில் பிரமாதமாக இருக்கும். மார்ச்சில் விரித்தது ஏப்ரல் வெயிலில் வேர் இறங்கும் முன்பே காயும். பிறகு அதைக் காப்பாற்ற லாரித் தண்ணீர். இன்னொரு கல்லூரியில் இப்படி விரித்து, ஓரம் சுருண்டு கிடந்ததை விளையாட்டுப் போட்டிக்குப் போனபோது நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சுற்றிலும் கயிறு, நடுவில் 'புல்லின் மேல் நடக்காதீர்' போர்டு! புல்லே இல்லை, போர்டு மட்டும் இருந்தது. தப்பு புல்லின் மேல் இல்லை, அவசரத்தின் மேல்தான்.

"பேவர் பிளாக் போட்டால் தொல்லையே இல்லையே?" தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், உண்மை. ஆனால் மழைத் தண்ணீர்? சமதளப் புல்தரைக்கு ஓடுநீர்க் கெழு மண்ணைப் பொறுத்து 0.05-லிருந்து 0.17 வரை, காங்கிரீட் தளத்துக்கு 0.80-க்கும் மேலே என்று ஹைட்ராலஜியில் படிக்கிறோம். அதாவது புல்தரையில் பெய்த மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். காங்கிரீட்டில் பெய்தது ரோட்டுக்கு ஓடும். நம் போர்வெல் ஆழமாகிக் கொண்டே போவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்!

"பிளாஸ்டிக் புல்?" வெயிலில் அது 60 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் உட்கார்ந்து படிக்கப் போகிறவருக்கு என் வாழ்த்துகள்.

அருகிலும் குறை உண்டு. அதை மறைக்க மாட்டேன். பூப்பாத்திக்குள் அனுமதி கேட்காமல் நுழையும். ஓரத்தில் செங்கலைச் செங்குத்தாக ஒரு சாண் ஆழம் புதைத்து வரப்புக் கட்ட வேண்டும். அப்படியும் அவ்வப்போது பார்த்துக் கிள்ள வேண்டும். காட்டு அருகு கொஞ்சம் முரடு. நல்ல நர்சரியில் இலை மெலிந்த ரகம் பார்த்து வாங்க வேண்டும். கொரியன் அளவுக்கு மெத்தென்று இராது. ஆனால் அதில் உட்காரலாம், ஓடலாம். சிதைந்தால் அதுவே சரி செய்து கொள்ளும். மாணவர்கள் புழங்கும் இடத்துக்கு அதைவிட என்ன தகுதி வேண்டும்?

நாமே செய்யலாமே!

சரி, தீர்மானித்தாயிற்று என்று வைத்துக் கொள்வோம். அடுத்து என்ன? ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்து, நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. டிப்ளமோ படிக்கிறோம், கையில் வேலை தெரியும்.

சிவில் பசங்க லெவல் எடுக்கட்டும். கட்டடத்தை விட்டு வெளிப்பக்கமாக நூற்றுக்கு ஒன்று சாய்வு இருந்தால் தண்ணீர் தேங்காது. சிமென்ட் குழைத்த இடம், உடைந்த செங்கல், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, ஒரு அடி ஆழம் கொத்தி, மக்கிய தொழு உரம் கலக்க வேண்டும். புல்தரை தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு அடியில்தான்.

அதன் பிறகு அவசரப்படக் கூடாது. தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்க விட வேண்டும். முளைத்ததைக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி களை. இரண்டு மூன்று தடவை. இப்போது சோம்பல்பட்டால் பிறகு வருஷா வருஷம் கோரையோடு குஸ்திதான்.

நடுவதற்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஐப்பசி அடைமழை மண்ணை அரிப்பதற்குள் வேர் பிடித்துவிடும். அருகுத் தண்டை வேரோடு துண்டாக்கி, நாலிலிருந்து ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும். இன்னொரு முறையும் உண்டு. தண்டைப் பொடிப் பொடியாக நறுக்கி, செம்மண்ணும் சாணமும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, தரையில் சாந்து பூசுகிற மாதிரி பூசுவது. நமக்குப் பூச்சு வேலை சொல்லியா தர வேண்டும்! நன்றாகத் தண்ணீர் காட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடிவிடும். அதுவரை கால் வைக்காமல் பொறுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் போர்டு வைக்க நானும் சம்மதிக்கிறேன்.

மெக்கானிக்கல் பசங்க தள்ளு மெஷினின் பிளேடைச் சாணை பிடித்து, இடைவெளி சரி பார்த்துத் தரட்டும். எலக்ட்ரிகல் பசங்க வடிகட்டித் தொட்டி மோட்டாருக்கு டைமர் வைக்கட்டும். வாரம் ஒரு டிபார்ட்மென்ட் என்று முறை போட்டுக் கொண்டால் 10 சென்ட் வெட்டுவதற்கு ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான் நடை. நாலு பேர் மாற்றி மாற்றித் தள்ளினால் ஒரு பீரியட். தோட்டக்கார அண்ணன் கேட்ட கேள்விக்கு அதுதான் மரியாதையான பதில்.

மீதி 15 சென்ட்டை என்ன செய்வது என்கிறீர்களா? வேப்பமரத்துக்கு அடியில் ஒரு பட்டைக்கு அகல இலைப் புல், கல் பதித்த நடைபாதை, மற்ற இடத்தில் புங்கன், வேம்பு, பூவரசு என்று நிழல் மரம். மரத்துக்கு முதல் இரண்டு மூன்று வருஷம்தான் தண்ணீர். பிறகு அதுவே பார்த்துக் கொள்ளும்.

நண்பர்களே! நாமெல்லாம் மூன்று வருஷத்தில் மூட்டை கட்டிக் கொண்டு கிளம்பிவிடுவோம். இந்தத் தரையில் அடுத்தடுத்து வரும் தம்பி தங்கைகள்தான் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கு நாம் விட்டுப் போவது கயிறு கட்டிய கார்பெட்டா, கால் வைக்கக் கூடிய தரையா? அவர்கள் குளிக்கிற தண்ணீரைக் குடிக்கும் புல்லா, அவர்கள் குளித்த தண்ணீரில் வளரும் புல்லா?

மாணவர் மன்றக் கூட்டத்தில் இந்த விஷயம் வரும்போது கேன்டீன் கட்சிகளை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். வெயில், கால், கை, தண்ணீர் என்று நாலு கேள்வியையும் உரக்கக் கேளுங்கள். நாலுக்கும் பதில் சொல்லும் புல் எதுவானாலும் என் ஓட்டு அதற்கே. நான் கணக்குப் போட்டுப் பார்த்தவரை அது அருகுதான். உங்கள் கணக்கு வேறு மாதிரி வந்தால் காகிதத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். பேச இடமா இல்லை? வேப்பமர நிழல் இப்போதும் இருக்கிறது!